அடி நின்றபின் ஒரு சரி

அடி நின்ற பிறகுதான் மனிதனுக்கு மனசார நன்றி சொல்லத் தோன்றுகிறது என்பதைக் கண்டுபிடித்தவர்கள் விஞ்ஞானிகள் அல்ல, பூந்துயில் மெத்தைக் கம்பெனிக்காரர்கள். திருப்பூரில் அதன் முதல் பரிசோதனை என் குமாஸ்தா வெள்ளியங்கிரியின் மேல் நடந்தது. பட்டப்பகலில் கோர்ட்டுக்கு எதிரே இருக்கும் கடைக்குள் அவரை இழுத்துப்போய், வலது கையைத் தரையில் அழுத்திப் பிடித்து, அதன்மேல் இரும்பு ஷட்டரை இறக்கினார்கள். ஏற்றி, மறுபடி இறக்கினார்கள். விரல்கள் நசுங்கி நகங்கள் தனியாகக் கழன்று வந்தபின், நல்ல சட்டை போட்ட ஒருவன் உள்ளே வந்தான். அடித்தவனைத் திட்டி விரட்டினான். கைக்குட்டையால் கட்டுப் போட்டு, டீ வாங்கி ஆற்றிக் கொடுத்து, எங்கள் கம்பெனி உங்களுக்கு மெயில் அனுப்பலாமுங்களா என்று பணிவாகக் கேட்டான். வெள்ளியங்கிரி தேம்பிக்கொண்டே "சரிங்க" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அத்தனையும்.

மெயில் கண்ணுக்கு வந்துகொண்டிருந்த காலத்தில் இந்தக் கூத்து தேவைப்படவில்லை. பிடிக்காவிட்டால் கண்ணை மூடிக்கொள்ளலாம். காதுக்கு இமை கிடையாது. இன்றைக்கு மணி பதிக்காத காது ஊரில் இல்லை; அரிசி அளவில் காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் உட்கார்ந்திருக்கிறது. அது இல்லாமல் ரேஷன் கிடையாது, பஸ் கிடையாது, பேங்க் கிடையாது. மெயில் எல்லாம் அதில் குரலாக விழும். ஆரம்பத்தில் யார் வேண்டுமானாலும் யார் காதிலும் பேசினார்கள். சோப்பும் சீட்டுக் கம்பெனியும் பல் டாக்டரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். ஸ்க்ரூடிரைவரால் மணியைத் தோண்டி எடுக்கப்போய்க் காதையே இழந்தவர்கள் உண்டு. பிறகுதான் இசைவுச் சட்டம் வந்தது. காதின் சொந்தக்காரர் தன் வாயால் சரி என்று சொன்னால் ஒழிய, எந்தக் கம்பெனியும் அவருக்கு மெயில் அனுப்பக்கூடாது. பயந்து சொன்ன சரி செல்லாது. சொல்லும்போது நெஞ்சு எப்படி அடிக்கிறது என்று மணியே பார்த்துவிடும்.

நல்ல சட்டம்தான். ஆனால் எழுதியவர்கள் கொங்கு நாட்டுப் பக்கம் வந்ததே இல்லை போலிருக்கிறது.

எங்கள் ஊரில் சரிங்க என்றால் சம்மதம் என்று அர்த்தமில்லை. அது மூச்சு விடுவது மாதிரி. பேச்சை முடிக்க ஒரு சரிங்க, திட்டு வாங்கிக்கொள்ள ஒரு சரிங்க, பிடிக்காத சம்பந்தத்தைத் தட்டிக்கழிக்க இழுத்த மாதிரி ஒரு சரிங்க. பூந்துயில்காரர்கள் பஸ் ஸ்டாண்டில் ஒரு பெண்ணை நிறுத்தி, "மெயில் அனுப்பலாமுங்களா?" என்று கேட்க வைத்தார்கள். ஜனங்கள் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டே "சரிங்க" என்று ஓடினார்கள். கல்யாண மண்டப வாசலில் சந்தனத்தோடு சேர்த்துக் கேட்டார்கள். துணிக்கடைக்குள், லட்டோடு. நான் ஒன்றும் ஒசத்தி இல்லை. பி.எல். படித்தவள், அந்தச் சட்டத்தை வரிவரியாக அறிந்தவள், பூ வேலை செய்த தலையணை உறை ஒன்று இலவசம் என்றதும் பல்லைக் காட்டிக்கொண்டு சரி சொன்னேன்.

வெள்ளிக்கிழமைதோறும் எனக்கு அவர்கள் மெயில் விழும். தேன் தடவிய பெண் குரல். எந்தப் பெண் படித்தாலும் மெஷினில் போட்டு இழைத்து அந்தக் குரலாக்கிவிடுவார்கள்; பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. எனக்கு எரிச்சல் மூட்டியது வேறு. அந்தப் பெண் தலகாணியைக் 'காணித்தல' என்றாள். ஒருமுறை இல்லை, ஒவ்வொரு வாரமும். மெத்தை விற்கிறவர்களுக்குத் தலகாணியைச் சொல்லத் தெரிந்த ஓர் ஆள் கிடைக்கவில்லையா என்று காய்ந்து புகார் சொல்லப் பார்த்தேன். அந்த முகவரி பதில் வாங்காது. சரி, வேண்டாம் என்ற இரண்டே வார்த்தைதான் அதற்குக் கேட்கும். கம்பெனிக்கோ அந்தத் தப்பினால் லாபம். இந்த வாரமாவது ஒழுங்காகச் சொல்கிறாளா பார்ப்போம் என்று ஊரே கடைசிவரை கேட்டது.

கொஞ்ச நாளில் ஊர் உஷாராகிவிட்டது. ஜனங்கள் சரி என்ற சொல்லையே நாக்கிலிருந்து வழித்துப் போட்டார்கள். "ஆகட்டும்" என்றார்கள், "உம்" என்றார்கள், தலையை மட்டும் ஆட்டினார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளை வீட்டார் சரி சொல்லாமல் உம் கொட்ட, அடிதடியே நடந்தது. லட்டும் சந்தனமும் எடுபடவில்லை. அப்புறம்தான் டையிங் முருகு வந்தான்.

முழங்கை வரை நீலம் ஏறிய கை அவனுக்கு. சாயப்பட்டறையில் வேலை பார்த்த காலத்துக் கறை, போகவே போகாது. அடிப்பது அவன். டீயோடு வருவது தனபால். கம்பெனி அவனுக்கு வைத்த பெயர் இசைவு அலுவலர். அடிபடுகிறவன் நெஞ்சு தறிகெட்டு ஓடும். அடி நின்று, ஆறுதலாக ஒரு முகம் தெரிந்ததும் அது இறங்கும். அந்த நிம்மதியை மணி சந்தோஷம் என்று எடுத்துக்கொள்கிறது. லட்டுக்குச் சொன்ன சரியைவிட அடிபட்டவன் சொன்ன சரிக்கு அதிக மார்க்.

போலீஸுக்குப் போனேன். மணியின் கணக்கைப் பார்த்துவிட்டு இன்ஸ்பெக்டர் சிரித்தார். உங்கள் குமாஸ்தா ரொம்ப சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறாரேம்மா என்றார்.

*

எங்கள் லைன் வீடுகளில் கடைசிவரை காலி மணியாக இருந்தது சென்னியப்பனுடையது மட்டும். பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். எந்தக் கம்பெனிக்கும் அவர் சரி சொன்னதில்லை. பேச்சு மெயில் பக்கம் திரும்பினால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவார். காலி மணிக்குக் கம்பெனிகளிடம் ஏக கிராக்கி; வேறு சத்தமே விழாத காதில் ஒரு மெயில் விழுந்தால் அது கேட்கப்பட்டே தீரும்.

அவர் ஏன் காலியாக வைத்திருந்தார் என்பது லைனில் எல்லாருக்கும் தெரியும். மகளிடமிருந்து வரப்போகும் மெயில் இரைச்சலில் தவறிவிடக் கூடாது.

மேகலை வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டாள். சென்னியப்பனுக்கு ஆட்சேபணை இல்லை. அவர் மனைவியின் அண்ணன்மாருக்கு இருந்தது. இருவரும் ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று வீட்டு வாசலிலேயே மடக்கிவிட்டார்கள். பையனின் இடது கையை முழங்கைக்குக் கீழே வெட்டினார்கள். முழுசாக விழவில்லை, தோலில் தொங்கியது. அடுத்து மேகலையின் கழுத்தில் அரிவாளை வைத்துக்கொண்டு மூத்தவர் சென்னியப்பனிடம் கேட்டார். "இந்தப் புள்ள உனக்கு வேணுமா, வேண்டாமா மாப்ள? வேணும்னா இங்கயே அறுத்துப் போட்டுட்டுப் போறோம். வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லு, உசுரோட எங்கியோ தொலையட்டும்."

சென்னியப்பன் "வேண்டாம்" என்றார்.

மேகலை அப்பாவைப் பார்த்தாள். மாமன்மார் தன் மணியை வைத்துத் தேடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். முள் எடுக்கும் ஊசியால் காதுக்குப் பின்னால் கிழித்து, ரத்தத்தோடு மணியைப் பிடுங்கி வாசலில் போட்டுவிட்டுப் பையனைத் தாங்கிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. சென்னியப்பனின் மனைவி அண்ணன்மார் வீட்டோடு போய்விட்டார். அண்ணன்மார் இன்னும் லைன் பக்கம் வண்டியில் சுற்றிவிட்டுப் போவார்கள்.

ஒன்று மட்டும் அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். மேகலை எங்கேயாவது புது மணி வைத்திருந்தால் அது புது முகவரி. சட்டப்படி அவர் சரி சொல்லாத முகவரியிலிருந்து எதுவும் அவர் காதில் விழாது. சட்டத்துக்கு மெத்தைக் கம்பெனியும் மகளும் ஒன்றுதான். அவள் எழுதியிருந்தால், எழுதியதெல்லாம் வாசலிலேயே நின்று திரும்பியிருக்கும். அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

*

மத்தியான சாப்பாட்டு நேரத்தில் கட்டிங் ஹாலுக்குள் நுழைந்து முருகு கதவைச் சாத்தினான். அங்கே வேலை செய்யும் பெண்கள் சொல்லி நான் ஓடிவந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. துணி மடிக்கிற பெண்கள் வெளியே சன்னலோரம் நின்று பார்த்திருக்கிறார்கள்.

முதலில் துணி அளக்கும் நீள இரும்பு ஸ்கேலால் முழங்காலில் அடித்திருக்கிறான். உட்கார்ந்த பிறகு முகத்தில். சென்னியப்பன் பேசவே இல்லை. தப்பித்தவறியும் அந்த வார்த்தை வந்துவிடக் கூடாதென்று கீழுதட்டைக் கடித்துக்கொண்டார். பல் உதட்டைத் துளைத்து வெளியே வந்துவிட்டது. முருகு அவரை மேசைமேல் போட்டு நெஞ்சில் ஏறி நின்றான். காறையெலும்பு முறிந்த சத்தம் சன்னல்வரை கேட்டதாம். அப்புறமும் அவர் உம் என்றுகூடச் சொல்லவில்லை. இவ்வளவு நேரம் யாரும் தாங்கியதில்லை என்று முருகுவே மூச்சிரைக்கச் சொல்லியிருக்கிறான். கடைசியில் துணி வெட்டும் மெஷினை ஓடவிட்டு வலது கைப் பெருவிரலை அதன் பக்கம் இழுத்தான். பெருவிரல் போனால் கட்டிங் மாஸ்டருக்குப் பிழைப்பு போயிற்று. அவர் கண்ணை மூடிக்கொண்டார். விரல் நுனி சீவப்பட்டுத் துணிமேல் விழுந்தது.

அப்போதுதான் தனபால் வந்தான். மெஷினை அணைத்தான், முருகுவை வெளியே போகச் சொன்னான், ஈரத்துணியால் முகத்தைத் துடைத்துவிட்டான். பூந்துயில் கம்பெனி மெயில் அனுப்பலாமுங்களா என்று கேட்டான். சென்னியப்பன் தலையை ஆட்டி மறுத்தார். டீயை நீட்டினான். அதற்கும் மறுத்தார். தனபாலுக்கு அவசரமே இல்லை. கேள்வியைப் போட்டாயிற்று, அதற்குப் பதிலாக வரும் முதல் சரிக்கு மணி காத்திருக்கும். விரலில் துணியைச் சுற்றிக் கட்டினான். மெதுவாகத் தூக்கி உட்கார வைத்தான்.

"ரொம்ப வலிக்குதுங்களாண்ணா? ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகட்டுங்களா?"

"சரிங்க" என்றுவிட்டார் சென்னியப்பன்.

மரியாதை தெரிந்த மனுஷன். உதவுகிறேன் என்பவனுக்கு வேறு என்ன பதில் சொல்வது என்று அவர் நாக்குக்குத் தெரியவில்லை. அத்தனை அடியால் பிடுங்க முடியாததை இரண்டு 'ங்க' பிடுங்கிவிட்டது. நான் உள்ளே நுழைந்தபோது தனபால் டீ டம்ளரோடு வெளியே வந்துகொண்டிருந்தான். எனக்கு வணக்கம் சொன்னான். அந்த டம்ளரைப் பிடுங்கி அவன் வாயிலேயே அடித்தேன். உதடு கிழிந்த வாயோடு சிரித்தான். அவன் அடி வாங்கிப் பழகாதவன் இல்லை.

*

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் சென்னியப்பனிடம் விஷயத்தைச் சொன்னேன். வெள்ளியங்கிரியும் கட்டுப்போட்ட கையோடு கூட வந்திருந்தார்.

"இன்னும் முடியலைங்க மாஸ்டர். ஒரு சரி பத்தாது. நாளைக்கு உங்களுக்கு ஒரே ஒரு மெயில் வரும். நிஜமாத்தான் சொன்னீங்களா, உறுதியான்னு கேக்கும். இந்தத் தடவை மணி நெஞ்சைப் பாக்காது; சரி, வேண்டாம்னு ரெண்டே வார்த்தைதான் அந்தப் பக்கம் போகும். அதுக்கும் நீங்க சரின்னாத்தான் பட்டியல்ல சேர்ப்பாங்க. வேண்டாம்னு சொன்னா, முதல் சரி எப்படி வந்துச்சுன்னு சர்க்கார் விசாரிச்சே ஆகணும். அவங்க பட்டியல் மொத்தத்தையும் நோண்டுவாங்க. வெள்ளியங்கிரி சரி, ஊர்ல அத்தனை பேரு சரியும் வெளிய வந்துரும். முருகு உள்ள போவான், அவனை அனுப்பினவங்களும் போவாங்க."

"இதுவரைக்கும் ஒருத்தரும் சொல்லலீங்களா?"

வெள்ளியங்கிரி தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு அந்த மெயில் வந்தபோது முருகு எதிர்ச்சாரியில் பைக்கில் உட்கார்ந்திருந்தானாம். பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தானாம்.

"நான் சொல்றனுங்க" என்றார் சென்னியப்பன். தையல் போட்ட உதட்டால் ஒவ்வொரு சொல்லாக. "எனக்கு இன்னி என்ன இருக்குது? எம்பட புள்ள எழுதுற நேரத்துல இவனுக மெத்தையப் பத்திப் பேசிட்டிருந்தா நான் என்னங்க பண்ணுவேன்? வேண்டாம்னே சொல்றேன்."

இன்னொன்றும் கேட்டார். அடிபட்டவன் குரல் கேட்டாலே தெரியுமே, அந்தக் கம்பெனியில் யாரும் காது கொடுத்துக் கேட்கவே மாட்டார்களா? கேட்பார்கள் என்றேன். இரண்டு சரியும் சேர்ந்தபின் ஒரு மனிதக் காது அவற்றைக் கேட்டு முத்திரை வைக்க வேண்டும் என்பது சட்டம்.

"யாருங்க அது?"

"மெயில் படிக்கிற பொண்ணேதான். ரெண்டு வேலைக்கும் ஒரே ஆள். எங்கியோ வடக்க உக்காந்துட்டு, வர்ற சரியையெல்லாம் கேட்டு ஆமா ஆமான்னு தள்ளிவிடுறா. மனுஷியா அவ? வெள்ளியங்கிரி அழுததைக் கேட்டுட்டு முத்திரை வெச்சிருக்கா."

"அவளுக்கு என்ன பாடோ" என்றார் சென்னியப்பன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் லைன் முழுக்க வாசலில் நின்றது. எதிர்ச்சாரியில் முருகு பைக்கில் உட்கார்ந்திருந்தான், நீலக் கையை மடித்துக்கொண்டு. நான் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். வெள்ளியங்கிரி கதவருகே நின்றார். அவர் முகத்தில் ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு தெளிவு. இன்றைக்கு இந்த மனுஷன் வாயிலிருந்து ஒரு வேண்டாம் வந்தால், தான் சொல்ல முடியாமல் போனதும் அதில் சேர்ந்துவிடும் என்ற நம்பிக்கை.

சென்னியப்பனின் தலை லேசாகச் சாய்ந்தது. மெயில் விழுந்துவிட்டது. அவர் காதுக்குள் விழுவது எனக்குக் கேட்காது. அவர் முகத்தைத்தான் பார்த்தேன். முதலில் வெறுப்பு. அப்புறம் புருவம் சுருங்கியது. அப்புறம் வாய் தானாகத் திறந்தது. தையல் பிரிந்து ரத்தம் முகவாயில் இறங்கியது, அவர் துடைக்கவில்லை. எழ முயன்று, முறிந்த எலும்பு குத்த, மறுபடி சாய்ந்தார்.

"சொல்லுங்க மாஸ்டர்" என்றேன். "வேண்டாம்னு சொல்லுங்க."

"சரி கண்ணு" என்றார் அவர்.

எங்கள் யாரிடமும் அல்ல, எதிரே வெறும் சுவரைப் பார்த்து. இன்னொரு முறையும் சொன்னார். "சரி கண்ணு. சரி."

வெளியே பைக் கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த அடிபட்ட உடம்பை நானே இன்னும் இரண்டு அடி அடித்திருப்பேன். என்ன காரியம் செய்தீர்கள் என்று தோளைப் பிடித்து உலுக்கினேன், முறிந்த தோள் என்றுகூடப் பார்க்காமல். அவர் வலியில் முனகிக்கொண்டே என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எம்பட புள்ளைங்க வக்கீலம்மா. மேகலைங்க."

"குரலை வெச்சுச் சொல்றீங்களா? அது மெஷின் குரல் மாஸ்டர். எல்லாப் பொண்ணுங்களுக்கும் அதே குரல்தான்."

"குரல் இல்லீங்க. காணித்தலன்னா." அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது அவருக்கு. "சின்னதுல தலகாணிய அப்படித்தானுங்க சொல்லுவா. அவங்கம்மா திருத்திக்கிட்டே இருப்பா. நாந்தான், உட்ரு, அது சொல்ற மாதிரியே சொல்லட்டும்பேன். நானும் அப்படித்தான் சொல்லுவேன். ஊட்டுக்கு வெளிய ஒருத்தருக்கும் தெரியாதுங்க அது. யாரு காதுல உழுகணும்னு அவ அதைச் சொல்றா?"

வாராவாரம் அந்த வார்த்தையைக் கேட்டுப் பல்லைக் கடித்தவள் நான். என் புகார் போய்ச் சேர்ந்திருந்தால் அதைத் திருத்தச் சொல்லியிருப்பார்கள், இல்லை அவளை வேலையைவிட்டு அனுப்பியிருப்பார்கள். நல்லவேளையாக அந்த முகவரி யார் பேச்சையும் கேட்பதில்லை.

"அதுக்காக?" என்றார் வெள்ளியங்கிரி கதவருகிலிருந்து. "வேண்டாம்னு சொல்லிப்போட்டு வேற வழில தேடியிருக்கலாமல்லங்க? என்ற கைய ஒருக்காப் பாருங்க."

சென்னியப்பன் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "ரெண்டே வார்த்தைதான் போகும்னு வக்கீலம்மா சொன்னாங்க. ஒரு வார்த்தைய ஏற்கெனவே அவ கேக்கச் சொல்லிட்டனுங்க, கழுத்துல அருவா இருக்கும்போது. மறுக்கா அதையே எப்படிங்க சொல்றது?"

வெள்ளியங்கிரி படியிறங்கிப் போய்விட்டார். போய்ட்டு வர்றேன் என்றுகூடச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவர் என் ஆபீஸுக்கும் வரவில்லை. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். சென்னியப்பனையும் குறை சொல்ல முடியவில்லை. அந்த வாரம் முழுக்க நான் எல்லார்மேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன்.

*

வெள்ளிக்கிழமை சென்னியப்பனுக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு அவர் கட்டிலருகே இருந்தபோது மெயில் விழுந்தது. எனக்கும் அவருக்கும் ஒரே நேரத்தில். அதே தேன் குரல், அதே இலவம் பஞ்சுப் பாட்டு, முதுகுவலிக்கு நல்லது என்ற அதே புளுகு. நான் அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தேன்.

"மெத்தை வாங்குவோருக்கு ஒரு தலகாணி இலவசம்" என்றாள் அவள்.

சரியாகச் சொன்னாள். முதல்முறையாக. மறுபடி ஓர் இடத்தில் வந்தது, அங்கேயும் தலகாணி என்றே சொன்னாள். நான் திரும்பிப் பார்த்தேன். சென்னியப்பன் கண்ணை மூடிக்கொண்டிருந்தார், கண்ணீர் காதோரம் வழிந்து மணி இருக்கும் இடத்தில் தேங்கியது.

"கேட்டீங்ளா?" என்றார்.

"கேட்டேனுங்க."

"இன்னி அவ தப்பாச் சொல்லத் தேவையில்ல பாத்தீங்ளா? நான் சொன்னது போய்ச் சேர்ந்துருச்சுங்க. சரி கண்ணுன்னது அவளுக்குக் கேட்டுருச்சு."

ஆமாம் என்றேன். நானும் வாய்விட்டு அழுதிருப்பேன். ஆனால் அவர் யோசிக்காத ஒன்று எனக்குள் முள்ளாக ஏறிக்கொண்டிருந்தது. இரண்டாவது சரியைக் கேட்டவள் முதலாவதையும் கேட்டிருப்பாள், உதடு கிழிந்து, எலும்பு முறிந்து, ஆஸ்பத்திரிக்கு என்று நினைத்து அப்பா சொன்னதை. அதற்கு முன்னால் வெள்ளியங்கிரி தேம்பியதையும் கேட்டவள் அவள்தான். ஊரில் அடிபட்டவர்கள் ஒவ்வொருவரின் குரலையும், இது அவரா, இது அவரா என்று கடைசிவரை கேட்டுவிட்டு, அவர் இல்லை என்றதும் முத்திரை வைத்துத் தள்ளியிருக்கிறாள். ஒன்றைத் தடுத்திருந்தாலும் வேலை போயிருக்கும், அப்பா குரல் வரும்போது அவள் அங்கே இருந்திருக்க மாட்டாள். நான் தேடிக்கொண்டிருந்த சாட்சி கிடைத்துவிட்டாள். அவளைக் கூண்டில் ஏற்றினால் ஊர் பிழைக்கும், அவள் இருக்குமிடம் மாமன்மாருக்குத் தெரிந்துவிடும்.

இதை அவரிடம் சொல்லவில்லை. அவர் மெயிலைத் திரும்பப் போட்டுக் கேட்கத் தொடங்கியிருந்தார். கட்டுப்போட்ட கட்டைவிரலால் கட்டில் சட்டத்தில் தாளம் தட்டிக்கொண்டு, ஒரு மெத்தை விளம்பரத்தை.

அடுத்த சந்தில் யாரையோ அடித்துக்கொண்டிருந்தார்கள். பெண் குரல். தகரக் கதவில் தலை மோதும் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. நான் எழுந்து வாசலுக்கு ஓடினேன். செருப்பை மாட்டுவதற்குள் அடி நின்றுவிட்டது. டீ டம்ளரை வைக்கும் சத்தம், தனபாலின் பணிவான குரல். பிறகு அந்தப் பெண், அழுது ஓய்ந்த தொண்டையில், "சரிங்க" என்றாள்.

அதை யார் கேட்கப்போகிறாள் என்று எனக்கு இப்போது தெரியும்.